பத்திரிகை வைப்பதும் பத்திரிகை அனுப்புவதும்

கொழிஞ்சாம்பாறைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். மூத்த மகளுக்கு ஆவணியில் கல்யாணம். அதைப் பற்றிய சந்தோஷத்தைச் சொல்ல வந்திருக்க வேண்டும். ஆனால் பத்து நாளாக ஒரு விஷயம் மனதை அரிக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாங்கள் சித்தூர் தாலுகா. பழைய கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்து, 1956இல் கேரளத்தோடு சேர்ந்த ஊர்கள். பேச்சு தமிழ், பெண் கொடுப்பதும் எடுப்பதும் பெரும்பாலும் பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கம். வீடு இந்தப் பக்கம், சொந்தம் அந்தப் பக்கம். என் அம்மாவின் தம்பி ஆனைமலையை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருக்கிறார். எனக்குத் தாய்மாமன். என் காதுகுத்துக்கு மடியில் உட்கார வைத்தவர்.

பத்திரிகை அச்சாகி வந்த அன்று இரவு, அச்சகத்துக்காரர் அனுப்பிய படத்தை நூற்றுச் சொச்சம் பேருக்கு வாட்ஸ்அப்பில் ஒரே மூச்சில் அனுப்பிவிட்டேன். அந்த வரிசையில் மாமாவின் எண்ணும் இருந்தது. ஐந்து நிமிடத்தில் அவரிடமிருந்து கட்டைவிரல் வந்தது. சரி, மாமாவுக்குத் தெரிந்துவிட்டது என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். "என்ற பொறந்தவனுக்குப் பத்திரிகை வெச்சயா, அனுப்புனயா?"

அனுப்பினேன் என்றேன். அன்றிலிருந்து என்னோடு பேசுவது சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது மட்டும்தான்.

நம் பேச்சிலேயே அது "பத்திரிகை வைப்பது"தானே. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போய், இரண்டு கையாலும் நீட்டி, "நீங்க வந்துதானுங்க நடத்திக் கொடுக்கணும்" என்று சொல்வது. எனக்கு இது தெரியாதது இல்லை. முந்நூறு வீடு, ஒரு மாதம், தேங்காய் வியாபாரம் வேறு. மாமாவே பதிலும் போட்டுவிட்டாரே என்றும் ஒரு எண்ணம். அம்மா சொல்வது அந்தக் காலத்துப் பிடிவாதமா, நான் செய்தது மரியாதைக் குறைவா? இரண்டு பக்கமும் கேட்க விரும்புகிறேன்.

குமுளி ஏலக்காய்

முந்நூறு வீட்டுக்கும் போகிறவர்கள் இன்று யார்? போன தை மாதம் தங்கச்சி கல்யாணத்துக்குக் கம்பம், போடி, மூணாறு என்று நான் அலைந்தேன். பாதி வீடு பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் திருப்பூரில் பனியன் வேலை, பெரியவர்கள் தோட்டத்தில். பக்கத்து வீட்டில் பத்திரிகையைக் கொடுத்துவிட்டு வந்தேன். அது எந்த மரியாதையில் சேர்த்தி? போனில் அனுப்பியிருந்தால் அவர்கள் கையிலாவது நேராகப் போய்ச் சேர்ந்திருக்கும். உங்கள் மேல் தப்பில்லை அண்ணா. தாய்மாமனுக்கு மட்டும் ஒரு போன் போட்டுப் பேசிவிடுங்கள், போதும்.

தந்திக்காரி

நான் செங்கோட்டைப் பக்கம். தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தந்திக்கு வார்த்தைக்குக் காசு. வாழ்த்துக்கென்று எண் போட்ட வாசகங்கள் இருந்தன. தீபாவளிக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று. எண்ணை மட்டும் சொன்னால் போதும், அந்தப் பக்கம் முழு வாசகமாக எழுதிக் கொடுப்பார்கள். ஆகவே ஒரே வாழ்த்தை நூறு பேருக்கு அனுப்புவது வாட்ஸ்அப் கொண்டுவந்த பழக்கம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்போதும் எண் போட்டுத்தான் வாழ்த்தினோம். ஆனால் தந்தியால் வாழ்த்தியவர்கள் வர முடியாதவர்கள். பக்கத்து ஊர்க்காரர் யாரும் கல்யாணத்துக்குத் தந்தி அடித்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாவுச் செய்தி. ஆள் இறந்திருந்தாலும் "ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி" என்றுதான் பல பேர் எழுதச் சொல்வார்கள். புனலூரிலோ கொல்லத்திலோ கடையில் நிற்கிற மகன், செய்தியைக் கேட்டு அங்கேயே உடைந்துபோய்விடக் கூடாது, வீடு வந்து சேரட்டும் என்பதற்காக. பொய் என்று எல்லோருக்கும் தெரியும். எழுதித் தருகிறவருக்குத் தெரியும், அடிக்கிற எனக்குத் தெரியும், வாங்குகிறவருக்கும் பாதி தெரிந்துவிடும். தந்தி கொண்டுபோகிறவர் வாசலில் நின்று "வீட்டில் பெரியவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உறையைக் கொடுப்பார். எழுத்துத் தெரியாத வீடாக இருந்தால் உட்காரச் சொல்லி, மெதுவாகப் படித்துக் காட்டுவார். செய்தி போய்ச் சேர்வதற்கு முன்னால் நாலைந்து பேர், வாங்கப் போகிறவரின் நிலையை ஒரு தடவை யோசித்துப் பார்த்திருப்பார்கள்.

2013 ஜூலை 15 முதல் தந்திச் சேவையை நிறுத்தினார்கள். போனால் போகட்டும், அதற்காக நான் அழவில்லை. ஆனால் போன வருடம் என் அக்காள் மகன் இறந்தபோது, அவன் பெண்டாட்டிக்குச் சொல்வதற்கு முன்னாலேயே யாரோ அவன் போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்து, அடியில் "ஆர்ஐபி" என்று போட்டுவிட்டார்கள். அவள் பேருந்தில் வந்துகொண்டிருந்தாள். அதில்தான் பார்த்தாள். போட்டவனுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. முதலில் துக்கம் தெரிவிக்க வேண்டும் என்ற அவசரம், அவ்வளவுதான்.

உங்கள் மாமா விஷயத்தில், தம்பி, வழி சுருக்கமானது. போய் வாருங்கள். எங்களுக்கும் மலைக்கு அந்தப் பக்கம் சொந்தம் உண்டு. புனலூர் மீட்டர்கேஜ் ரயில் 2010இல் நின்றது, 2018இல் அகலப் பாதையாகத் திரும்ப வந்தது. அந்த எட்டு வருடம் ஆரியங்காவு வழியாகப் பஸ்ஸில் போகச் சோம்பி, எல்லாவற்றையும் போனிலேயே முடித்தோம். ரயில் திரும்பி வந்த பிறகும் போகிற பழக்கம் திரும்பி வரவில்லை. விட்டால் விட்டதுதான்.

வாளையார் லாரி

தந்திக்கார அம்மா எழுதியதைப் படித்ததும் எங்கள் பழைய ரோமிங் கதை ஞாபகம் வந்தது. எல்லையில் இருப்பவர்களுக்குத்தான் இது புரியும்.

2003 மே மாதத்துக்கு முன்னால், நமக்கு வருகிற போனுக்கும் நாமே காசு கொடுக்க வேண்டும். அப்புறம் வருகிற போன் இலவசம் ஆனது, ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். வாளையாரில் வண்டியை நிறுத்தினால் என் தமிழ்நாட்டு சிம் கேரள டவரைப் பிடித்துக்கொள்ளும். நான் நிற்கிற இடத்திலிருந்து நாலு அடி தள்ளி நின்றால் இலவசம், இங்கே நின்றால் காசு. 2015இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் உச்சவரம்பைக் குறைத்த பிறகும் ரோமிங்கில் வருகிற போனுக்கு நிமிடத்துக்கு 45 காசு வரை எடுக்கலாம் என்று இருந்தது. ஆகவே கூப்பிடுகிற எல்லோரும் முதல் வார்த்தையாக "எந்தப் பக்கம் இருக்கீங்க?" என்று கேட்பார்கள். கேரளா என்றால் இரண்டே வார்த்தை, வைத்துவிடுவார்கள். மிஸ்டு கால் கொடுத்தால் "வந்து சேர்ந்துட்டேன்" என்று அர்த்தம், இரண்டு கொடுத்தால் "நீ கூப்பிடு" என்று அர்த்தம். அடுத்தவன் காசு போகக் கூடாது என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொண்டோம்.

இப்போது எல்லாம் இலவசம். எந்தப் பக்கம் இருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. வண்டி ஓட்டுகிறாயா, சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்றும் கேட்பதில்லை. இரவு ஒரு மணிக்கு வீடியோ கால் வருகிறது. காசு இருந்தவரை இருந்த யோசனை காசோடு போய்விட்டது.

எனக்கு டைப் செய்ய வராது. குரல் செய்திதான். வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசி அனுப்புவேன். அதில் ஒரு நன்மை, எங்கள் "ங்க" போகாது. எழுதினால் என் பையன் "கே" என்று ஒற்றை எழுத்துப் போடுகிறான். அதையே குரலில் அனுப்பச் சொன்னால் "சரிங்கப்பா" என்கிறான். அவன் மலையாளம் மீடியம், தமிழ் எழுத்துத் தெரியாது. வாயில் மரியாதை இருக்கிறது, விரலில் இல்லை.

ஆனால் குரல் செய்தியிலும் ஒன்று கவனிக்க வேண்டும். பாலக்காடு பஸ்ஸில் ஒருவர் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். அவர் மருமகள் அழுதுகொண்டே பேசியிருக்கிறாள், வீட்டு விஷயம். பஸ் முழுக்கக் கேட்டது. நாங்கள் எல்லோரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அன்றிலிருந்து முக்கியமான சங்கதி என்றால் "பக்கத்துல ஆள் இருந்தா அப்புறம் கேளுங்க" என்று முதலில் ஒரு செய்தி அனுப்பிவிட்டுத்தான் பேசுகிறேன்.

இரவுப்பணி

வணக்கம். எல்லோரும் பெரியவர்கள் பக்கமே பேசுவதால் என் வயதுக்காரர்கள் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன். நான் பொள்ளாச்சிப் பெண், திருச்சூரில் நர்ஸ். பாதி மாதம் இரவுப் பணி.

எங்களுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போன் அடிப்பதுதான் மரியாதைக் குறைவு. காலை எட்டு மணிக்கு வந்து படுத்தால் ஒன்பது மணிக்குச் சித்தப்பா கூப்பிடுவார், "சும்மாதான் கண்ணு" என்பார். அவருக்கு அது பாசம். எனக்கு அன்றைய தூக்கம் போச்சு. "பேசலாமுங்களா?" என்று முதலில் எழுதிக் கேட்பதை எங்கள் செட்டில் எல்லோரும் செய்கிறோம். பெரியவர்கள் அதை "ரொம்பத்தான் பிகு பண்ணிக்கறா" என்கிறார்கள். கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருவது போலத்தான் அது.

அப்புறம் இந்த நீல டிக். 2014 நவம்பரில் வந்தது என்று நினைவு, நான் அப்போது காலேஜ் சேர்ந்த புதிது. அதிலிருந்து சொந்தத்தில் எத்தனை மனத்தாங்கல்! "பார்த்துட்டு பதில் போடல." வார்டில் ஒருவருக்கு மூச்சுத் திணறும்போது, பாக்கெட்டில் இருந்து எடுத்து மணி பார்த்திருப்பேன், செய்தி திறந்திருக்கும். கடிதக் காலத்தில் ஒருவர் கடிதத்தைப் பிரித்த நிமிடம் எழுதியவருக்குத் தெரியாது. அந்த மறைவு எல்லோருக்கும் வேண்டியிருந்தது. நான் நீல டிக்கை அணைத்து வைத்திருக்கிறேன். அதற்கும் "என்னத்தை மறைக்கறா" என்று பேச்சு.

கொழிஞ்சாம்பாறை அண்ணாவுக்கு ஒரு கேள்வி. அந்தக் கட்டைவிரலை மாமாதான் போட்டார் என்று உறுதியாகத் தெரியுமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்

தெரியாதம்மா. இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

குமுளித் தம்பி, போன் போட்டுப் பேசலாம் என்று நானும் எடுத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

களியக்காவிளை வாத்தியார்

எல்லைக்கு அந்தப் பக்கம், பாறசாலையைத் தாண்டி ஒரு பள்ளியில் வேலை. என் கதையைச் சொல்கிறேன், மரியாதைச் சொல் எழுத்தில் எப்படித் தடுமாறும் என்பதற்கு.

தலைமை ஆசிரியருக்கு மலையாளத்தில் ஒரு செய்தி அனுப்பினேன். நாளைக்கு நீங்கள் வருவீர்களா என்பதுதான் விஷயம். தமிழில் "நீங்கள்" எவ்வளவு மரியாதை! அதே நினைப்பில் மலையாளத்தில் "நிங்ஙள்" என்று எழுதிவிட்டேன். திருவனந்தபுரம் பக்கம் மூத்தவரை நேராக "நிங்ஙள்" என்றால் முகத்தில் அடித்த மாதிரி. "சார் நாளை வருமோ?" என்று, படர்க்கையில் பேசுவது போலத்தான் கேட்க வேண்டும். மலபார்ப் பக்கம் இந்த அளவு உறுத்தாது என்கிறார்கள். அவர் பதிலே போடவில்லை. ஒரு வாரம் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் போனார்.

நேரில் இதே சொல்லை நான் நூறு தடவை சொல்லியிருப்பேன். சிரித்துக்கொண்டு, கொஞ்சம் குனிந்து சொல்வேன். அவரும் இவன் தமிழ்க்காரன் என்று விட்டுவிடுவார். எழுத்தில் சிரிப்பும் இல்லை, குனிவும் இல்லை. சொல் மட்டும் தனியாகப் போய் நின்றது.

இணையம் இவ்வளவு பரவாத 1995லேயே, மின்னஞ்சல் மரியாதை பற்றி ஆர்எஃப்சி 1855 என்று ஒரு ஆவணம் வந்தது. ஆங்கிலத்தில் முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினால் கத்துவது போல இருக்கும், கோபத்தில் எழுதியதை ஓர் இரவு வைத்திருந்து அனுப்பு என்றெல்லாம் அதில் உண்டு. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. நமக்குக் கத்தல் வினைமுற்றில் இருக்கிறது. "வா", "வாங்க", "வரவும்", "வாருங்கள்" நான்கும் நான்கு முகம். கொழிஞ்சாம்பாறைக்காரர் மாமாவுக்கு அனுப்பியது "அவசியம் வரவும்" வகையாகத்தான் இருக்கும். நோட்டீஸ் பலகையில் எழுதுகிற சொல் அது. தாய்மாமனிடம் யாரும் "வரவும்" என்று பேசுவதில்லை.

தலைமை ஆசிரியர் விஷயம் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். அவர் அறைக்குப் போய், தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சொன்னேன். இரண்டு நிமிடம். டீ வாங்கிக் கொடுத்தார்.

தந்திக்காரி

வாத்தியார் ஐயா சொன்னது சரி. இரவுப்பணிப் பெண்ணே, நீ சொன்னதும் சரி. கதவைத் தட்டுவது என்றாயே, அதை என் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். "நல்லதுக்கு அழைத்தால் போ, கெட்டதுக்கு அழைக்காமலே போ" என்று வளர்ந்தவர்கள் நாங்கள். உங்கள் செட்டில் துக்கத்துக்குக்கூட எழுதிக் கேட்டுவிட்டுத்தான் போவீர்களா?

இரவுப்பணி

இல்லைங்கம்மா. துக்கத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

2020 ஏப்ரலில் என் அம்மிச்சி, அம்மாவைப் பெற்றவர்கள், நெகமத்தில் இறந்தார்கள். ஊரடங்கு. வாளையார், கோபாலபுரம், மீனாட்சிபுரம் எல்லாம் அடைத்துக் கிடந்தது. இரண்டு மாநிலத்திலும் பாஸ் வாங்கி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதுவும் நான் வார்டில் இருந்து வருகிறவள், யார் வீட்டுக்குள் விடுவார்கள்? தம்பி போனில் காட்டினான். ஆனால் எடுத்தவுடன் காட்டவில்லை. முதலில் பெரியத்தையிடம் போய், "அக்கா பார்க்கட்டுமுங்களா?" என்று கேட்டான். அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அம்மிச்சி முகத்தில் இருந்த துணியைக் கொஞ்சம் விலக்கி, "இப்பக் காட்டு" என்றார்கள். நான் ஹாஸ்டல் அறையில் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். குளிப்பாட்டும்போது அணைத்துவிட்டான். எடுத்துக்கொண்டு போகும்போது மறுபடி கூப்பிட்டான். அந்தப் பதினைந்து நிமிடம் இல்லாவிட்டால் என் அம்மிச்சி இறந்ததை இன்றும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

இரண்டு வருடம் கழித்து இன்னொரு சொந்தத்தில் ஒரு சாவு. அப்போது எல்லை திறந்துதான் இருந்தது. ஒரு பையன் யாரையும் கேட்காமல் ஃபேஸ்புக்கில் நேரலையாகப் போட்டான். தலைவிரிகோலமாக அழுதுகொண்டிருந்த பெரியம்மாவை முகம் தெரியாதவர்கள் எல்லாம் பார்த்தார்கள். கீழே இதயப் படம் பறந்துகொண்டிருந்தது. பெரியம்மா அதற்கப்புறம் மூன்று மாதம் வெளியே வரவில்லை.

இரண்டிலும் அதே போன்தான். தம்பி அத்தையைக் கேட்டான். அந்தப் பையன் கேட்கவில்லை.

அண்ணா, வாட்ஸ்அப்பில் அனுப்பியதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நூறு பேரில் ஒருவராக மாமாவுக்கு அனுப்பியதுதான் எனக்கும் உறுத்துகிறது.

குமுளி ஏலக்காய்

மேலே நான் எழுதியதில் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். பூட்டியிருந்த வீடுகளைப் பற்றி எழுதினேனே, அவர்களில் ஒரு அத்தை, "நீ வந்துட்டுப் போனதா பக்கத்து வீட்டுல சொன்னாங்கப்பா" என்று கல்யாணத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அதை மறந்திருந்தேன். போய் வாருங்கள் அண்ணா.

வாளையார் லாரி

ஞாயிற்றுக்கிழமை போங்க. போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்க, வயசானவங்க, தோட்டம் காடு என்று எங்காவது போயிருப்பாங்க. அந்த போன் தப்பில்லை.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

நேற்று போய் வந்தோம். நான், பெண்டாட்டி, அம்மா மூன்று பேரும். அம்மா வருகிறேன் என்று சொல்லவில்லை. கிளம்பும்போது பார்த்தால் காரில் உட்கார்ந்திருந்தார்கள். வழியில் கோபாலபுரம் தாண்டுகிற வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பழம் சரியாக இருக்கிறதா என்று பையைத் திறந்து பார்த்தார்கள்.

மாமா திண்ணையில் இருந்தார். "வாங்க வாங்க" என்று எழுந்து வந்தார். எதிர்பார்த்த மாதிரி முகம் திருப்பவெல்லாம் இல்லை. தட்டை வைத்து, காலில் விழுந்து எழுந்தோம். நான் அந்தப் படம் அனுப்பிய விஷயத்தை எடுத்தேன். அனுப்பியது தப்புங்க மாமா என்றேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பேரன் காட்டுனான் சாமி. எழுத்துப் பொடுசா இருந்துச்சு. எம் பேரு போட்டிருக்குதான்னு பாக்கலாம்னு பெருசு பண்ணச் சொன்னேன். பெருசு பண்ணப் பண்ண பேரு அந்தப் பக்கம் ஓடிப்போச்சு. அவன் எதோ கையக் காட்டிப் போட்டுட்டு வெளையாடப் போய்ட்டான்."

இரவுப்பணிச் சகோதரி, நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். பதில் வந்துவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்த நேரத்தில், அவர் பத்திரிகையில் தன் பெயரைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

பெயர் இருக்கிறது. மூன்றாவது வரியில். அச்சடித்த பத்திரிகையைப் பிரித்து, அந்த வரியில் விரல் வைத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார். பிறகு அத்தையைக் கூப்பிட்டு அவருக்கும் ஒரு தடவை படித்துக் காட்டினார். அம்மா உள்ளே போய் அடுப்படியில் அத்தையோடு பேச ஆரம்பித்துவிட்டார்கள், கிளம்ப சாயங்காலம் ஆகிவிட்டது. வாசலில் நின்று "போயிட்டு வர்றமுங்க" என்று நாங்கள் சொல்லி, அதற்குமேல் அரை மணி நேரம் பேச்சு ஓடியது.

பட்டியலை எடுத்து மறுபடி பார்த்தேன். நேரில் போயே ஆக வேண்டிய வீடு நாற்பத்தி இரண்டு வருகிறது. மற்றவர்களுக்குத் தனித்தனியாக, பெயரைச் சொல்லி, என் குரலிலேயே பேசி அனுப்புகிறேன், லாரி அண்ணன் சொன்ன மாதிரி. நேற்று இரவு பதினொரு பேருக்கு முடிந்தது. வெள்ளிக்கிழமை கொல்லங்கோடு பக்கம் பத்திரிகை வைக்கப் போகிறோம். மாமாவும் வண்டியில் வருகிறேன் என்றிருக்கிறார்.